கட்டடங்கள் காத்திருக்கும், டிராம் காத்திருக்காது

கொல்கத்தாவுக்கு முதல் முறையாக, அதுவும் மூன்றே நாள் அவகாசத்தில் போகிறவர்கள் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

சென்னை சென்ட்ரலில் ஹௌரா மெயிலில் ஏறும் தமிழ்க் குடும்பத்தின் கையில் பெரும்பாலும் ஒரு தாள் இருக்கும். விக்டோரியா மெமோரியல், ஹௌரா பாலம், காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், மியூசியம், கோளரங்கம், மிருகக்காட்சி சாலை, தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் என்று எண்ணிக்கை இருபதை நெருங்கும். கையில் இருப்பதோ மூன்று நாள். காசிக்கும் கயாவுக்கும் போகிற வழியில் ஒதுக்கியது, அல்லது அலுவலக விடுப்பில் பிய்த்து எடுத்தது.

சுமார் 1,660 கிலோ மீட்டர் பயணம். ஒரு பகல், ஒரு இரவுக்கு மேல் ஆகும். ஆந்திரம் தாண்டுவதற்குள் எதிர் இருக்கைக்காரரோடு பேச்சு தொடங்கிவிடும். வேலூரிலோ சென்னையிலோ வைத்தியம் முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வங்காளியாக அவர் இருக்க வாய்ப்பு அதிகம். முதல் முறை போகும் தமிழருக்கு இவரை விட நல்ல வழிகாட்டி கிடைப்பது அரிது. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் செய்யக்கூடிய பெரிய உதவி, அதில் பாதியை அடித்துவிடுவது.

லண்டனுக்கும் பாரிசுக்கும் முதல் முறை போகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். நான்கு நாளில் பத்து மியூசியம். திரும்பி வரும்போது கால்வலியும் போட்டோக்களும் மிஞ்சும், ஊர் மிஞ்சாது. கொல்கத்தாவை இந்த ஐரோப்பிய நகரங்களோடு சேர்த்துப் பேசக் காரணம் இருக்கிறது. இது ஐரோப்பியர்கள் தங்கள் ஊரை நினைத்துக்கொண்டே கட்டிய ஊர். 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்படும் வரை இந்தியாவின் பிரிட்டிஷ் ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது. லண்டனுக்கு டிக்கெட் எடுக்க முடியாதவர்கள், லண்டனைப் பார்த்து வரைந்த ஒரு நகரத்தை ரயில் கட்டணத்தில் பார்த்துவிட்டு வரலாம்.

எதை விடுவது என்று முடிவு செய்ய ஓர் எளிய விதி போதும். இன்னும் இருபது வருடம் கழித்து வந்தாலும் நிற்கக்கூடியதைப் பின்னால் தள்ளலாம். அடுத்த தடவை வரும்போது இருக்குமா என்று சந்தேகம் உள்ளதை முதலில் பார்க்க வேண்டும். இந்த விதிப்படி கொல்கத்தாவில் முதல் இடம் எந்த மாளிகைக்கும் இல்லை. தெருவில் ஊர்ந்து போகும் டிராமுக்குத்தான்.

முதல் நாள்: நகல்களின் ஊர்

என்றாலும் முதல் நாளைக் கட்டடங்களுக்குக் கொடுத்துவிடலாம். அவற்றைப் பார்த்தால்தான் டிராம் எந்த ஊரில் ஓடுகிறது என்பது புரியும். கட்டடங்கள் அதிகம் உள்ள இடம் பி.பி.டி. பாக். பழைய பெயர் டல்ஹௌசி சதுக்கம். 1930 டிசம்பர் 8 அன்று ரைட்டர்ஸ் பில்டிங்குக்குள் நுழைந்து சிறைத்துறைத் தலைவர் சிம்சனைச் சுட்டுக்கொன்ற வினய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்களின் பெயர்தான் இப்போது சதுக்கத்துக்கு. கவர்னர் ஜெனரலின் பெயரை எடுத்துவிட்டுப் புரட்சிக்காரர்களின் பெயரைச் சூட்டிய நகரம், கவர்னர் ஜெனரல்களின் கட்டடங்களை அப்படியே வைத்துக்கொண்டது.

இங்கே வண்டி வேண்டாம். நடந்தே சுற்றலாம். ஞாயிற்றுக்கிழமை காலையானால் இன்னும் நல்லது. அலுவலகங்கள் மூடியிருக்கும், தலையை நிமிர்த்தியபடி நடந்தாலும் யாரும் இடிக்க மாட்டார்கள். முதலில் செயின்ட் ஜான்ஸ் சர்ச். 1787-ல் கட்டி முடிக்கப்பட்டது. லண்டனில் டிரஃபால்கர் சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் சாயலில் எழுப்பப்பட்டது. அதே வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. 1690 ஆகஸ்ட் 24 அன்று அவர் சுதாநுதியில் வந்து இறங்கிய நாளையே நகரத்தின் பிறந்த நாளாகப் பள்ளிப் புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. அதற்கு முன்பே அங்கே கிராமங்கள் இருந்தன. எனவே சார்னாக்கை நிறுவனர் என்று சொல்லக்கூடாது, ஊருக்குப் பிறந்த நாளும் கிடையாது என்று 2003-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஆளுநர் மாளிகை. வெல்லெஸ்லி பிரபு 1799-ல் கட்டத் தொடங்கி 1803-ல் முடித்தது. மாதிரி, இங்கிலாந்தில் டெர்பிஷர் பகுதியில் உள்ள கெடில்ஸ்டன் ஹால் என்ற மாளிகை. அது கர்சன் குடும்பத்தின் வீடு. நூறு வருடம் கழித்து வைஸ்ராயாக வந்த கர்சன் பிரபு, தான் பிறந்த வீட்டின் நகலிலேயே குடியேறினார். உள்ளே போக அனுமதி எளிதல்ல. வெளியிலிருந்து பார்ப்பதே போதும்.

அடுத்து உயர் நீதிமன்றம். 2001-ல் ஊர் கொல்கத்தா ஆன பிறகும் நீதிமன்றத்தின் பெயர் கல்கத்தா உயர் நீதிமன்றம்தான். வால்டர் கிரான்வில் வடிவமைத்து 1872-ல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்துக்கு முன்மாதிரி பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் இருந்த துணி வணிகர் மண்டபம். முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகள் அந்த மண்டபத்தைத் தரைமட்டமாக்கின. பிறகு பல பத்தாண்டுகள் உழைத்து அதை மறுபடி எழுப்பினார்கள். அசல் இடிந்து கிடந்த காலத்திலும் ஹூக்ளிக் கரையில் நகல் நின்றுகொண்டிருந்தது.

மாலையில் மைதானத்தின் தெற்கு முனைக்குப் போனால் இரண்டு கட்டடங்களையும் ஒரே சுற்றில் முடித்துவிடலாம். செயின்ட் பால்ஸ் கதீட்ரலின் கூர்ந்த கோபுரம் 1897-லும் 1934-லும் நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. இரண்டாவது முறை, இங்கிலாந்தின் கேன்டர்பரி கதீட்ரலில் உள்ள கோபுரத்தைப் பார்த்து வேறு மாதிரி கட்டிவிட்டார்கள். பக்கத்திலேயே விக்டோரியா மெமோரியல். 1906-ல் அடிக்கல் நாட்டியபோது இது தலைநகரின் பெருமைச் சின்னமாகத் திட்டமிடப்பட்டது. மக்ரானாவிலிருந்து சலவைக்கல் வந்து, வேலை முடிந்து, 1921-ல் திறந்தபோது தலைநகர் டெல்லிக்குப் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் நின்ற பிறகு வந்து சேர்ந்த சீர்வரிசை மாதிரி. திங்கட்கிழமை உள்ளே காட்சிக்கூடங்களுக்கு விடுமுறை. 1814-ல் தொடங்கிய இந்தியன் மியூசியத்துக்கும் அப்படியே. வருகிற நாள் திங்களா என்பதைப் பார்த்துக்கொண்டு திட்டம் போடுவது நல்லது.

இரண்டாம் நாள்: தண்டவாளத்தின் மேல்

இந்த நாளை டிராமுக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். காலையில் எஸ்பிளனேடு டிப்போவுக்குப் போய், இன்று எந்தத் தடம் ஓடுகிறது என்று விசாரிப்பது முதல் வேலை. நடத்துனரையோ வழிப்போக்கரையோ கூப்பிட ஒரே சொல் போதும்: தாதா. தமிழ்நாட்டில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருப்பதால் முதல் நாள் கூச்சமாக இருக்கும். வங்காளத்தில் அது அண்ணன். பெண்களானால் தீதி.

தடத்தை விசாரித்துவிட்டுப் போக வேண்டிய நிலை ஏன் வந்தது? கதை 1873-ல் தொடங்குகிறது. அந்த வருடம் பிப்ரவரியில் சியால்டாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரைகள் டிராமை இழுத்தன. சில மாதங்களில் அது நின்றுபோனது. 1880-ல் லண்டனில் பதிவான கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி மறுபடி தொடங்கியது. 1902-ல் மின்சார டிராம் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் சென்னைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். மெட்ராஸில் மின்சார டிராம் 1895-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் 1953-ல் அது நின்றும்விட்டது. லண்டன் அதற்கு ஒரு வருடம் முன்பு, 1952 ஜூலையில், தன் டிராம்களுக்கு விடைகொடுத்திருந்தது. டெல்லியும் பம்பாயும் அறுபதுகளில் அதே வழியில் போயின.

கொல்கத்தா மட்டும் விடவில்லை. 1953-ல் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியதற்காக இங்கே நடந்த போராட்டம் நகரையே உலுக்கியது. மறு வருடம் அக்டோபரில், ராஷ்பிகாரி அவென்யூவில் டிராம் மோதிக் காயமடைந்த கவிஞர் ஜீவனானந்த தாஸ் சில நாட்களில் இறந்துபோனார். கோபத்திலும் துக்கத்திலும் கலந்துவிட்ட வண்டியை மற்ற ஊர்களைப் போல எளிதாகக் கழற்றிப்போட முடியவில்லை. 1967-ல் மாநில அரசு நிர்வாகத்தை ஏற்றது, 1976-ல் தேசியமயமானது. 1943-ல் ஹௌரா பாலம் திறந்தபோது அதன் மீதும் தண்டவாளம் இருந்தது. தொண்ணூறுகளில் பாலத்தின் பாரத்தைக் குறைக்க அதை எடுத்தார்கள். அதற்குப் பிறகு சுருக்கம்தான். ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேல் இருந்த தடங்கள், 2023-ல் டிராமின் 150-வது ஆண்டைக் கொண்டாடியபோது விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன.

2024 செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார்: எஸ்பிளனேடு - மைதானம் இடையே பாரம்பரியச் சவாரி மட்டும் இருக்கும், மற்றவை நிறுத்தப்படும். அரசின் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நகரப் பரப்பில் சுமார் 6 சதவீதம்தான் சாலை. அந்தச் சாலையின் நடுவில் ஒதுங்கத் தெரியாத வண்டி ஒன்று ஊர்ந்தால் பின்னால் எல்லாம் நிற்கும். எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. புகை விடாத, வயதானவர்கள் பயமில்லாமல் ஏறக்கூடிய, மலிவான வண்டியை இந்தக் காலத்தில் எந்த நகரமாவது வேண்டாம் என்று சொல்லுமா? வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அறிவிப்புக்கு முந்தைய வருடமே, தமிழ்நாட்டைச் சேர்ந்த டி.எஸ். சிவஞானம் தலைமை நீதிபதியாக இருந்த அமர்வு, டிராமைக் காப்பாற்ற வழி சொல்லும்படி ஒரு குழு அமைக்க உத்தரவிட்டிருந்தது.

இந்த விவாதத்தில் ஐரோப்பா சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்தெறிந்த பாரிஸ் 1992-ல் புதிதாகப் போட ஆரம்பித்தது. லண்டனின் தெற்கே குராய்டனில் 2000-ல் டிராம் திரும்பி வந்தது. எடின்பரோவில் 2014-ல். மூன்று ஊர்களும் பழையதைச் சும்மா கழித்துவிட்டு, புதியதைப் பெரும் பணம் கொட்டி வாங்கின. லண்டன் கம்பெனி போட்ட தண்டவாளத்தை லண்டனை விட அதிக நாள் காப்பாற்றிய பெருமை கொல்கத்தாவுடையது. ஐரோப்பா செய்த தவறைத் தாமதமாகச் செய்யலாமா என்பதுதான் இப்போது அதன் முன் உள்ள கேள்வி.

எஸ்பிளனேடிலிருந்து ஷியாம்பஜார் போகும் ஐந்தாம் எண் தடம், நிறுத்த அறிவிப்புக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்த ஒன்று. கிடைத்தால் இதில்தான் ஏற வேண்டும். கொல்கத்தா பயணத்தின் சாரம் இந்த ஒரு தடத்தில் இருக்கிறது. வேகம் கேட்டால் கிடைக்காது. சில இடங்களில் நடந்து போகிறவர்கள் முந்துவார்கள். ஆனால் ஜன்னல் பெரியது. மரச்சட்டம் போட்ட மாடங்கள், மருந்துக் கடைகளின் பழைய பலகைகள், திண்ணையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள் என்று எல்லாம் படிக்கக்கூடிய வேகத்தில் நகரும். மணியை ஓட்டுனர் காலால் மிதித்து அடிப்பார்.

பவ்பஜார் சந்திப்பில் இறங்குவது தமிழர்களுக்கு ஒரு கடமை என்றே சொல்லலாம். 1907-ல் பதினெட்டு வயது சி.வி. ராமன், நிதித் துறை அதிகாரியாக இந்த ஊருக்கு வந்தார். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் டிராம் பயணம். ஒரு நாள் ஜன்னல் வழியே 210, பவ்பஜார் தெரு என்ற முகவரியில் ஒரு பலகை கண்ணில் பட்டது: இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் தொடங்கிய நிறுவனம். வண்டியிலிருந்து இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார் என்பது ராமன் வாழ்க்கை வரலாறுகள் தவறாமல் சொல்லும் கதை. அன்றிலிருந்து அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கேதான் ஆராய்ச்சி.

ஐரோப்பாவுக்கு முதல் முறை போவதென்றால் எப்படி என்பதற்கும் ராமனே உதாரணம். 1921-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்காகக் கப்பலேறினார். அந்தக் குறுகிய பயணத்தில் லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரலின் மாடத்தில், ஒரு பக்கம் கிசுகிசுத்தது மறுபக்கம் எப்படிக் கேட்கிறது என்று சோதித்துப் பார்த்தார். திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. கைவசம் வைத்திருந்த எளிய கருவிகளால் கப்பல் தளத்திலேயே அதை ஆராய்ந்தார். கடல் நீலத்துக்கு விடை தேடிப் புறப்பட்ட வேலை, வத்றாப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு, 1928 பிப்ரவரி 28 அன்று இதே பவ்பஜார் முகவரியில் ராமன் விளைவாக முடிந்தது. 1930-ல் நோபல் பரிசு. பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு நீளப் பட்டியலோடு போயிருந்தால் கடலை நின்று பார்க்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

சங்கம் பிறகு ஜாதவ்பூருக்குப் போய்விட்டது. தெருவின் பெயரும் பிபின் பிகாரி கங்குலி தெரு என்று மாறிவிட்டது. அதே 210-ம் எண்ணில் இப்போது ஒரு வணிகவியல் கல்லூரி. டிராம் மட்டுமே மிச்சம், அதுவும் குறுக்குத் தெருவில். அடியில் மெட்ரோ ஓடுகிறது. 2019-ல் அதற்காகச் சுரங்கம் தோண்டியபோது இந்தப் பகுதியில் வீடுகள் இடிந்து விழுந்தன. புதிய வண்டிக்கும் விலை உண்டு என்பதைப் பவ்பஜார் அறியும்.

மறுபடி டிராம் பிடித்தால் அடுத்தது காலேஜ் தெரு. 1817-ல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கிய பிரசிடென்சி, மெட்ராஸ் பல்கலைக்கழகம் பிறந்த அதே 1857-ல் பிறந்த கல்கத்தா பல்கலைக்கழகம், இரண்டின் சுவரையும் ஒட்டிப் பழைய புத்தகக் கடைகள். மூர் மார்க்கெட் தீப்பிடித்ததை நினைத்து இன்னும் வருந்தும் சென்னைக்காரர்கள் இங்கே ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட முடியாது. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் வேலை நாளில் வருவதே சரி. மாடியில் காபி ஹவுஸ். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது. உயரமான கூரை, தலைப்பாகை கட்டிய பரிசாரகர்கள், சுவரில் தாகூர். காபி நம் ஊர் டிகிரி காபிக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் ஒரு கோப்பையோடு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள்.

நல்ல காபிதான் வேண்டும் என்பவர்கள் சாயங்காலம் தெற்கே லேக் மார்க்கெட்டுக்குப் போய்விடலாம். பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் பகுதி. கறிவேப்பிலை, வாழையிலை, ஃபில்டர் காபித் தூள், மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கும். தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைகளில் வங்காளிகளே வரிசையில் நிற்பார்கள். டிராம் எப்போது நிற்குமோ என்ற கவலையை இங்கே தமிழிலேயே கேட்கலாம். ராஷ்பிகாரி அவென்யூவின் மணியோசையோடு வளர்ந்தவர்கள் இவர்கள்.

மூன்றாம் நாள்: லோக்கல் ரயிலில் ஐரோப்பா

மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே. ஹௌராவிலிருந்து பண்டேல் போகும் லோக்கல் ரயில், சுமார் 40 கிலோ மீட்டரில் நான்கு ஐரோப்பிய நாடுகளைக் கடக்கிறது. பாஸ்போர்ட் கேட்பதில்லை. அலுவலக நேரம் தவிர்த்து, காலை கூட்டம் எதிர்த்திசையில் கொல்கத்தாவுக்கு வந்துகொண்டிருக்கும்போது ஏறினால் உட்கார இடமும் கிடைக்கும்.

முதலில் செராம்பூர். 1755 முதல் 1845 வரை டென்மார்க்கின் கையில் இருந்தது. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது உறவினர் வீடு. 1620-லிருந்து டேனிஷ்காரர்கள் வைத்திருந்த தரங்கம்பாடியும் இந்தச் செராம்பூரும் 1845-ல் ஒரே பத்திரத்தில், மொத்தம் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு, ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. உறவு அதோடு முடியவில்லை. சீகன்பால்க் தரங்கம்பாடியில் அச்சகம் கொண்டுவந்து 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். 1800-ல் வில்லியம் கேரி செராம்பூரில் அச்சகம் வைத்துப் பல இந்திய மொழிகளுக்கு எழுத்து வார்த்தார். கம்பெனி ஆட்சி மிஷனரிகளை விரும்பாத காலத்தில் இருவருக்கும் டேனிஷ் கொடிதான் நிழல் கொடுத்தது. 1806-ல் எழுந்த செயின்ட் ஒலாவ் தேவாலயமும், பழைய டென்மார்க் டாவர்ன் விடுதியும் அண்மை ஆண்டுகளில் அழகாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளன.

அடுத்தது சந்தன்நகர். புதுச்சேரிக்காரர்கள் இங்கே இறங்கியதும் கடற்கரைச் சாலையைத் தேடுவார்கள். கடலுக்குப் பதில் ஹூக்ளி. அதன் கரையில் மரநிழலில் நீளும் ஸ்ட்ராண்ட். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வாழும் துய்ப்ளே, 1742-ல் புதுச்சேரிக்கு வருமுன் பத்து வருடத்துக்கு மேல் நிர்வாகம் பழகியது இங்கேதான். அவர் பெயரைத் தாங்கிய வீடு இப்போது மியூசியம். புதுச்சேரிக்கு 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சந்தன்நகர் 1949-ல் வாக்கெடுப்பு நடத்தி, 1950 மே மாதமே பிரெஞ்சு ஆட்சியிலிருந்து வெளியேறிவிட்டது.

இன்னும் சில நிமிடத்தில் சுசுரா. நாகப்பட்டினத்தைப் போலவே டச்சுக்காரர்களின் ஊர். 1825-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கடைசியில் பண்டேல். சாந்தோமைப் போலப் போர்ச்சுக்கீசியரின் தடம். 1599-ல் எழுந்த தேவாலயத்தை 1632-ல் மொகலாயப் படை எரித்தது. 1660-ல் மறுபடி கட்டினார்கள். பொழுது இருந்தால் நான்கு ஊரும் பார்க்கலாம். இல்லையென்றால் செராம்பூரும் சந்தன்நகரும் போதும். சோழமண்டலக் கடற்கரையில் நமக்குப் பழகிய ஊர்களின் அக்காள் தங்கைகள் இந்த நதிக்கரையில் வரிசையாக வாழ்க்கைப்பட்டிருப்பது ஒரு நாளில் விளங்கிவிடும்.

விட்டுப்போனவை

காளிகாட்டையும் தட்சிணேஸ்வரத்தையும் விடச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ராணி ராஷ்மோனி 1855-ல் கட்டிய தட்சிணேஸ்வரத்துக்கு இப்போது மெட்ரோவே போகிறது. விடியற்காலையில் போய்விட்டு, அங்கிருந்து படகில் பேலூர் மடம் போய்த் திரும்பினால் முதல் நாள் நடையை மாலைக்கு நகர்த்திக்கொள்ளலாம். மிருகக்காட்சி சாலையும் கோளரங்கமும் சென்னையிலும் இருக்கின்றன. அவற்றைத் தாராளமாக அடித்துவிடலாம்.

சாப்பாட்டை மட்டும் அடிக்கக் கூடாது. மண் குவளையில் தேநீர், மிஷ்டி தோய், குளிர்காலமானால் புதுப் பேரீச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்ட பிரியாணி. 1856-ல் அவத் மன்னர் வாஜித் அலி ஷா நாடு பறிபோய் இங்கே வந்து தங்கியதன் நினைவு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வருவது உசிதம். துர்கா பூஜைக்கு வருவதென்றால் அது வேறு பயணம். அந்த ஐந்து நாளில் வேறெதையும் பார்க்கும் திட்டம் பலிக்காது.

நகருக்குள் போக மெட்ரோ போதும். 1984-ல் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது இங்கே. 2024 மார்ச் முதல் ஹௌராவிலிருந்து ஆற்றுக்கு அடியில் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். 2025 ஆகஸ்டில் விமான நிலையத்துக்கும் மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் முதல் முறை ஆற்றைக் கடப்பது படகிலாக இருக்கட்டும். சில ரூபாய் டிக்கெட்டில், நடுவில் தூணே இல்லாமல் 457 மீட்டர் தாவி நிற்கும் ஹௌரா பாலத்தைக் கீழிருந்து பார்க்கக் கிடைக்கும். மஞ்சள் அம்பாசடர் டாக்சியைக் கண்டால் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும். 2014-ல் உத்தர்பாரா ஆலையில் அந்தக் காரின் உற்பத்தி நின்றது. பதினைந்து வயதான வாடகை வண்டிகள் சாலையில் ஓடக்கூடாது என்பது இங்கே விதி. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்கும் நாள் குறித்தாகிவிட்டது.

கடைசி மாலை, ரயிலுக்கு நேரம் இருந்தால், எஸ்பிளனேடுக்கே திரும்பலாம். எல்லாத் தடமும் நின்றுபோயிருந்தாலும் மைதானத்துச் சவாரி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். மைதானத்தின் புல்வெளி ஓரமாக, மரங்களுக்கு நடுவே, அவசரமில்லாமல் போகும் வண்டி. சென்னையில் தாத்தா பாட்டிகள் டிராமில் போன கதையைச் சொன்னபோது பேரன் பேத்திகளுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது. இங்கே ஏறி உட்கார்ந்தால் தெரியும். அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, விக்டோரியா மெமோரியல் எந்த வருடம் திறந்தது என்பது ஊர் திரும்புவதற்குள் மறந்துவிடும். காலால் மிதித்து அடித்த அந்த மணி மறக்காது.